கூறையும் கூரையும்

கோட்டகலைப் பெண்ணின் இடது தோள் நனைந்ததாம்.
தாலி ஏறி, மண்டபம் விட்டு
வீட்டுக்குப் போகிற வழியில்
மூன்றே மூன்று சொட்டு.
கூறைச் சேலையில் சாயம் இறங்கியதில்
ஜவ்பர் நானா பாதி வாடகையைத்
திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததாம்.

"துணியையே மாத்திடு புள்ள" என்று
என் குஷன் கடை வாசலில் நிறுத்தினார்.
ஐந்து ஸ்ரீ இலக்கத்தகடு. மொரிஸ் மைனர்.
பாலாடை நிறம், மடக்குகிற கூரை.
கொழும்பிலிருந்து புதுத் துணி இறக்கினால் அறுபதாயிரம்.
ஞாயிற்றுக்கிழமை வட்டகொடையில் கல்யாணம்.
அன்று வியாழன்.
தலவாக்கலையில் ஜூன் மாதம் என்றால்
மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

முன்கண்ணாடிக்கு மேல் றப்பரை அமுக்கினேன்,
இன்னும் உயிர் இருக்கிறது.
துணிக்குப் பின்னால் பல்பைப் பிடித்தேன்,
ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை.
சொட்டியது பின்சீட்டின் இடது மூலையில்.
அதற்கு நேர் மேலே ஓட்டையே இல்லை.
தண்ணீர் அப்படித்தான்,
டிக்கட் எடுக்காத பிரயாணி.
ஏறிய ஸ்டேஷனைச் சொல்லாது.

மழை விடட்டும் என்று தகரத்தடியில் ஒதுங்கியிருந்த
ஆட்டோ சூசையிடம் குழாயைக் கொடுத்தேன்.
உற்சாகத்தில் உச்சியிலேயே பீய்ச்சினான்.
"மேலேருந்து ஊத்தினா எல்லாம்தான் ஒழுகும்.
கீழேருந்து வா. சாண் சாணா.
நான் சொல்றவரைக்கும் ஏறாதே."

உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன்.
வளைந்த மரச்சட்டங்களுக்கு நடுவே
முகப்பவுடர் டப்பாவைத் தட்டினேன்.
கூரை வெளுத்தது. என் மூக்கும்.
டோர்ச்சோடு மல்லாந்து கிடந்தேன்.

கண்ணாடி ஓரம், ஒன்றுமில்லை.
பின்ஜன்னல், ஒன்றுமில்லை.
சூசைக்குக் கை வலிக்கிறதாம்.
"இன்னும் ஒரு சாண்."

பவுடரில் ஓர் எறும்பு ஊர்ந்த மாதிரி
கறுப்பாய் ஒரு கோடு.
இரண்டாவது சட்டத்தைத் தொட்டு,
அதன் வளைவிலேயே சறுக்கி,
காரின் அகலம் முழுக்கக் கடந்து,
மூலையில் நின்று, பருத்து,
என் இடது தோளில் விழுந்தது.

அந்த ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.
வலது பக்கம். இரட்டைத் தையல்.
போன வருடம்
நான் போட்ட தையல்.

ஆட்டோவுக்குத் தைக்கிற நைலோன் நூல்தான்
அன்று கைக்கு வந்தது.
நைலோன் தண்ணீர் குடிக்காது.
பருத்தி நூல் குடிக்கும், வீங்கும்,
ஊசி போன துளையை உடம்பாலேயே அடைக்கும்.
எனக்கு இது தெரியாததில்லை.
அன்றைக்கு அவசரம்.

"கண்டுபிடிச்சியா?" சூசை வெளியிலிருந்து கத்தினான்.
பதில் சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று.

வெள்ளி முழுக்க நைலோனை உருவினேன்.
தேன்மெழுகில் இழுத்த பருத்தி நூலை
அதே துளைகளில், கையால்,
புதுத் துளை ஒன்றுகூடப் போடாமல்.
உட்பக்கம் ஒரு பட்டி ஒட்டினேன்.
விரல் நுனிகளில் இரண்டு நாள்
எதைத் தொட்டாலும் மெழுகு வாசம்.

சனிக்கிழமை ஜவ்பர் நானா பர்ஸைத் திறந்தார்.
"நூலுக்கும் பசைக்கும் அறுநூறு.
கூலி வேணாம். பிழை என்னுடையது."
கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அப்ப அந்தப் பாதி வாடகை?"
"மாசாமாசம் கழிச்சுக்கங்க."
சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை.
அறுநூறை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு, நம்ப முடியாத வெயில்.
படம் பிடிக்கிறவர் கேட்டாராம், கூரையை மடக்கிவிட்டார்கள்.
ஸ்டேஷன் வளைவில் கார் திரும்பியபோது
பெண்ணின் கூறை பளபளவென்று காற்றில்.
என் தையல் பின்னால் எங்கேயோ
பாய் மாதிரிச் சுருண்டு கிடந்தது.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டியது.
கடை வாசலில் நின்றேன்.
இந்த ஊரில் பிறந்து நாற்பத்தொரு வருடம்,
ஜூன் மாதத்தில் முதல் தடவையாக
மழை வரட்டும் என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டு.